1,577,917,500: வாக்கிய பஞ்சாங்கத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் ஒரே ஆணியில் இரண்டு பஞ்சாங்கம் தொங்கும். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். சித்திரை வருஷம் பிறக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இருந்து நான் கண்டதில்லை. மருத்துநீர் எத்தனை மணிக்கு வைக்கிறது என்று அம்மம்மா கேட்பா. அப்பா வாக்கியத்தைப் பார்த்து ஒரு நேரம் சொல்லுவார், சித்தப்பா மற்றதைப் பார்த்து இன்னொரு நேரம் சொல்லுவார். ஏன் இரண்டு என்று கேட்டால் "அது வேற கணக்கு, இது வேற கணக்கு பிள்ளை" என்பதோடு கதை முடிந்துவிடும்.

அந்த "வேற கணக்கு" என்ன என்று தேடிப் போனபோதுதான் இந்த எண் கையில் அகப்பட்டது. பழைய இந்தியக் கணித வானியலாளர் ஆரியபடரின் கணக்கில் ஒரு மகாயுகம் என்பது 4,320,000 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து அவர் கொடுக்கும் நாட்களின் தொகை 1,577,917,500. நூற்று ஐம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. வாக்கிய பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு இந்த எண்ணிலிருந்துதான் வருகிறது.

பெரிய எண்ணைக் கண்டதும் பிள்ளைகள் உடனே கல்குலேற்றரைத் தேடுகிறார்கள். தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், சாதாரண தரத்தில் படித்த காரணி, மீதி, பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது) ஆகியவை போதும். இந்த எண்ணை அடிவரை பிரித்து, கடைசியில் அதை வைத்தே வருஷப் பிறப்பின் கிழமையையும் நாழிகையையும் கண்டுபிடிப்போம். இடையில் ஒரு கேள்வியை மனதில் வைத்திருங்கள்: இதே அளவுள்ள வேறோர் எண் இருக்க, ஏன் இந்த எண் கைக்கணக்குக்கு இவ்வளவு வசதியாக அமைந்தது?

முதலில் கண்ணால் பார்ப்பது

வகுக்கத் தொடங்குமுன் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 00. ஆகவே 100ஆல் வகுபடும், அதாவது 4ஆலும் 25ஆலும் வகுபடும். 8ஆல்? கடைசி மூன்று இலக்கமான 500ஐ 8ஆல் வகுத்தால் 4 மீதி, எனவே வகுபடாது. 2இன் கதை இரண்டாம் வலுவோடு முடிந்தது.

இலக்கங்களைக் கூட்டுவோம்: 1+5+7+7+9+1+7+5+0+0 = 42. திரும்பக் கூட்டினால் 6. இந்த 6தான் இலக்கச் சுட்டி. 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. இந்த 6ஐ ஓர் ஓரத்தில் குறித்து வையுங்கள், பிழை பிடிக்க உதவும்.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாறி மாறிக் கழித்துக் கூட்டலாம். 500 − 917 + 577 − 1 = 159. நூற்றைம்பது கோடிக்கு மேலான எண் 159 ஆகச் சுருங்கிவிட்டது. 159ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5, 11ஆல் வகுத்தாலும் மீதி 5, 13ஆல் வகுத்தால் மீதி 3. மூன்றும் காரணி அல்ல. 7ஆல் வரும் மீதி 5ஐ மட்டும் மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

தோலை உரிப்பது

100ஐ எடுத்தால் 15,779,175. அது இன்னும் 25ஆல் வகுபடும்: 631,167. இதன் கடைசி இலக்கம் 7, ஆகவே 5 தீர்ந்தது. 3ஆல் வகுத்தால் 210,389. அதன் இலக்கக் கூட்டல் 23, ஆகவே 3உம் தீர்ந்தது. இப்போது இப்படி எழுதலாம்:

1,577,917,500 = 7500 × 210,389

7500 = 2² × 3 × 5⁴

சரிபார்ப்போம். 7500இன் இலக்கச் சுட்டி 3, 210,389இன் இலக்கச் சுட்டி 5. 3 × 5 = 15, அதன் சுட்டி 6. ஓரத்தில் வைத்திருந்த 6 கிடைத்துவிட்டது. இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மற்றப் பிழைகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

210,389: பொறுமை வேண்டிய இடம்

இங்கேதான் பலர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். 210,389ஐப் பார்த்தால் முதன்மை எண் போலத்தான் இருக்கிறது. இரட்டை எண்ணும் இல்லை, 5இலும் முடியவில்லை, இலக்கக் கூட்டலும் உதவவில்லை. ஆனால் "போல இருக்கிறது" என்பது கணிதத்தில் செல்லாது. சோதிக்க வேண்டும்.

எதுவரை சோதிப்பது? ஓர் எண்ணை இரண்டு காரணியாகப் பிரித்தால் அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 458² = 209,764, 459² = 210,681. எனவே 458க்குள் இருக்கும் முதன்மை எண்களைச் சோதித்தால் போதும். அவை 88. அத்தனையும் தேவைப்படலாம், பாதியிலும் முடியலாம்.

7, 11, 13க்குப் பழைய வழி: 389 − 210 = 179. மீதிகள் முறையே 4, 3, 10. அடுத்து 17: மீதி 14. 19: மீதி 2, மயிரிழையில் தப்பியது. 23: மீதி 8. 29க்கும் 31க்கும் மீதி 23. 37: மீதி 7. 41: மீதி 18. 43: மீதி 33. 47: மீதி 17. 53: மீதி 32. 59: மீதி 54.

61ஐ மெதுவாகச் செய்து பார்ப்போம். 61 × 3000 = 183,000, மிச்சம் 27,389. 61 × 400 = 24,400, மிச்சம் 2,989. 61 × 49 = 2,989. மிச்சம் ஒன்றுமில்லை.

210,389 = 61 × 3449

முதல் தடவை இதைச் செய்தபோது, இந்தப் பூச்சியம் வந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன். பதினேழு முதன்மை எண்கள் கைவிட்ட பிறகு பதினெட்டாவது எண் கதவைத் திறந்தது.

இப்போது 3449. திரும்ப 7இலிருந்து தொடங்க வேண்டுமா? வேண்டாம். 3449ஐ ஒரு சிறிய முதன்மை எண் வகுக்குமென்றால், அது 210,389ஐயும் வகுத்திருக்கும். 61க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் முன்பே தள்ளிவிட்டோம். 61² = 3721, அது 3449ஐ விடப் பெரிது. எனவே 3449 முதன்மை எண். மேலும் ஒரு வகுத்தல்கூடத் தேவையில்லை. செய்த வேலை வீணாகவில்லை என்பதால் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

முழு எண்ணும் இதோ:

1,577,917,500 = 2² × 3 × 5⁴ × 61 × 3449

காரணிகள் கையில் வந்தால் மற்றவை தானாக வரும்

காரணிகளின் எண்ணிக்கை: ஒவ்வொரு வலுவுடனும் 1ஐக் கூட்டிப் பெருக்கு. (2+1)(1+1)(4+1)(1+1)(1+1) = 120. நூற்றிருபது காரணிகள், அறுபது சோடிகள். ஒரு காரணியும் தனியாக நிற்கவில்லை, ஏனென்றால் இது நிறைவர்க்கம் அல்ல. 3, 61, 3449 மூன்றின் வலுவும் ஒற்றை. நிறைவர்க்கமாக்க வேண்டுமென்றால் அந்த மூன்றின் பெருக்கமான 631,167ஆல் பெருக்க வேண்டும்.

காரணிகளின் கூட்டுத்தொகை: (1+2+4) × (1+3) × (1+5+25+125+625) × (1+61) × (1+3449) = 7 × 4 × 781 × 62 × 3450 = 4,677,565,200. எண்ணின் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. எண்ணைக் கழித்துவிட்டால் மற்றக் காரணிகள் மட்டும் 3,099,647,700. ஓர் எண்ணின் காரணிகள் எண்ணையே மிஞ்சினால் அதை மிகை எண் என்பார்கள். இது தாராளமான மிகை எண்.

ஒயிலரின் எண்ணையும் பார்த்துவிடுவோம். 1 முதல் இந்த எண் வரை, இதோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? 2ஆல் வகுபடுவதால் பாதி போகும், 3ஆல் வகுபடுவதால் மூன்றில் ஒன்று போகும், இப்படியே ஒவ்வொரு முதன்மைக் காரணிக்கும். 1/2, 2/3, 4/5 மூன்றையும் பெருக்கினால் 4/15. எண்ணின் 4/15 = 420,778,000. அதன் 60/61 = 413,880,000. அதன் 3448/3449 = 413,760,000. ஏறத்தாழ நாலில் ஒன்று.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா என்றும் கேட்கலாம். முடியாது. 4ஆல் வகுத்தால் 3 மீதி தரும் முதன்மைக் காரணி ஒற்றை வலுவில் இருந்தால் வழி அடைபடும். இங்கே 3 ஒன்றே அடைக்கிறது. 5, 61, 3449 எல்லாம் 1 மீதி தருபவை, அவற்றால் தடையில்லை.

கிழமை எப்படி நகர்கிறது

முன்பு 7ஆல் மீதி 5 என்று வைத்தோமே, அதற்கு ஒரு பொருள் உண்டு. ஒரு மகாயுகம் வெள்ளிக்கிழமை தொடங்கினால் அடுத்தது வெள்ளியிலிருந்து ஐந்து நாள் தள்ளி, புதன்கிழமை தொடங்கும். ஆரியபடர் யுகத்தை 1,080,000 ஆண்டு கொண்ட நான்கு சம பாதங்களாகப் பிரித்தார். எண் 4ஆல் வகுபடுவதால் ஒவ்வொரு பாதமும் முழு நாட்களிலேயே முடிகிறது: 394,479,375 நாள். நாள் நடுவில் வெட்டுப்படவில்லை.

எண்ணின் உயிர் இருக்கும் இடம்: பொ.கா.பெ.

இவ்வளவும் எண் தனியாக நின்றபோது தெரிந்த குணங்கள். அதன் சிறப்பு 4,320,000இன் பக்கத்தில் வைக்கும்போதுதான் தெரியும். ஓர் ஆண்டு எத்தனை நாள் என்பது இந்த இரண்டின் விகிதம். விகிதத்தைச் சுருக்கப் பொ.கா.பெ. வேண்டும். காரணிகள் தெரியாதவர்களும் யூக்கிளிட் முறையில் எடுக்கலாம். பெரியதைச் சிறியதால் வகு, மீதியை எடுத்து வகுத்த எண்ணை வகு, மீதி தீரும்வரை செய்:

1,577,917,500 = 365 × 4,320,000 + 1,117,500
4,320,000 = 3 × 1,117,500 + 967,500
1,117,500 = 1 × 967,500 + 150,000
967,500 = 6 × 150,000 + 67,500
150,000 = 2 × 67,500 + 15,000
67,500 = 4 × 15,000 + 7,500
15,000 = 2 × 7,500

பொ.கா.பெ. 7500. இரண்டையும் 7500ஆல் வகுத்தால் மேலே 210,389, கீழே 576. அதாவது 576 ஆண்டுகளில் சரியாக 210,389 நாட்கள். ஓர் ஆண்டு 365 நாளும் 149/576 நாளும். நாழிகையில் (ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை) 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, அதற்கு மேல் கால் விநாழிகை. மணியில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 வினாடி.

இனி அந்த "வேறோர் எண்". இன்று வழங்கும் சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் அதே 4,320,000 ஆண்டுகளுக்கு 1,577,917,828 நாட்கள் கொடுக்கிறது. வித்தியாசம் 328 நாள் மட்டுமே. ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஆறரை வினாடி. கண்ணுக்கு இரண்டும் ஒரே எண் போலத்தான் தெரியும். ஆனால் 828ஐ 8ஆல் வகுத்தால் மீதி 4, இலக்கக் கூட்டல் 55, கடைசி இலக்கம் 8. எனவே 4,320,000 உடன் அதற்குப் பொதுவாக இருப்பது வெறும் 4. சுருக்கினால் 394,479,457 / 1,080,000. இதைக் கையால் பெருக்கி வகுத்துப் பாருங்கள், அரைக் கொப்பி தீர்ந்துவிடும்.

ஆரியபடரின் எண்ணோ ஆறிலக்க எண் ஒன்றாகவும் மூன்றிலக்க எண் ஒன்றாகவும் மடிந்து கைக்குள் அடங்குகிறது. 1825இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் நிலத்தில் சோழி வைத்து, எண்களைக் குறிக்கும் மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பிரித்தானியப் படை அதிகாரி ஜோன் வாரன் எழுதி வைத்திருக்கிறார். இங்கே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரம் பற்றி அமெரிக்க மிஷனரி டானியல் பூவருக்கும் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியாருக்கும் பெரிய விவாதமே நடந்தது. காகிதமில்லாமல், இலட்சங்களைத் தலையில் சுமந்து கணித்த ஒரு மரபுக்கு 7500 என்ற பொ.கா.பெ. எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். அளவில் 328 நாள் வித்தியாசம் ஒன்றுமில்லை. காரணிகளில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. விண்மீன்களை வைத்து இன்று அளக்கும் ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 வினாடி அளவு. வாக்கிய ஆண்டு அதைவிட 3 நிமிடம் 20 வினாடி நீளம். திருக்கணிதம் இன்றைய அளவீடுகளைப் பின்பற்றுகிறது. ஏன் இரண்டு நேரம் என்ற கேள்விக்குப் பதிலின் ஒரு பங்கு, ஆண்டுதோறும் சேரும் இந்த 3 நிமிடம் 20 வினாடியில் இருக்கிறது.

149இன் மணிக்கூடு

பன்னிரண்டு எண்ணுக்குப் பதிலாக 576 கோடு போட்ட ஒரு மணிக்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சித்திரைக்கும் முள் 149 கோடு நகரும். 576ஐ எட்டினாலோ தாண்டினாலோ அந்த ஆண்டுக்கு ஒரு நாள் கூடும், 366 ஆகும். மற்ற ஆண்டுகள் 365. அவ்வளவுதான் சூரிய ஆண்டு முழுவதும்.

149க்கும் 576க்கும் பொதுக் காரணி கிடையாது. ஆகவே முள் 576 கோட்டிலும் ஒவ்வொரு தடவை நின்ற பிறகே புறப்பட்ட இடத்துக்கு வரும். கிழமையும் சேர்ந்து திரும்ப வேண்டுமென்றால்? 210,389ஐ 7ஆல் வகுத்தால் 4 மீதி, பூச்சியம் அல்ல. எனவே ஏழு சுற்று வேண்டும்: 576 × 7 = 4032 ஆண்டுகள். அதே கிழமை, அதே நாழிகை, அதே விநாழிகையில் வருஷம் பிறக்க 4032 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

முள் இன்று எங்கே நிற்கிறது? வாக்கிய விதி சின்னது: கடந்த கலி ஆண்டை 210,389ஆல் பெருக்கு, 1237ஐக் கழி, 576ஆல் வகு. கலியுகம் தொடங்கியது கி.மு. 3102 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, சூரிய உதயம். ஈவு என்பது அன்றிலிருந்து கழிந்த முழு நாட்கள், மீதி என்பது உதயத்துக்குப் பிறகு சென்ற நேரம். உதயம் என்பது இலங்கையின் உதயம். இந்த இலங்கை நமது தீவு அல்ல, உச்சயினியின் நெடுங்கோடு நிலநடுக்கோட்டைச் சந்திப்பதாக அக்காலக் கணிதர் வைத்த ஒரு புள்ளி. பெயர் நம்முடையது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். கழிக்கும் 1237 எதற்கு? சராசரிச் சூரியனுக்கும் உண்மைச் சூரியனுக்கும் உள்ள இடைவெளி அது, 2 நாளுக்குச் சற்று அதிகம்.

முதலில் கழிக்காமல் ஒரு பழைய ஆண்டில் சோதிப்போம். கலி 3600 முடிந்தபோது தனக்கு 23 வயது என்று ஆரியபடர் சொல்கிறார். 3600 × 210,389 ÷ 576 = 1,314,931 நாளும் கால் நாளும். 7ஆல் மீதி 2. வெள்ளி 0, சனி 1, ஞாயிறு 2. உதயத்திலிருந்து கால் நாள் என்றால் நண்பகல். 499 மார்ச் 21, ஞாயிறு நண்பகல். கி.பி. ஆண்டோடு 3101ஐக் கூட்டினால் கலி ஆண்டு கிடைக்கும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இப்போது 2025, விசுவாவசு வருஷப் பிறப்பு. கலி 5126.

5126 × 210,389 = 1,078,454,014
1237ஐக் கழித்தால் 1,078,452,777
576ஆல் வகுத்தால் ஈவு 1,872,313, மீதி 489

1,872,313ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2, ஞாயிறு. அது ஏப்ரல் 13. முள் 489இல் நிற்கிறது: 489/576 × 60 = 50 நாழிகை 56 விநாழிகை. உதயத்தைக் காலை 6 மணி என்று வைத்தால் 20 மணி 22 நிமிடம் கழித்து, அதாவது ஏப்ரல் 14 திங்கள் விடியுமுன் 2.22 மணிக்கு. அச்சிட்ட பஞ்சாங்கத்தில் ஊருக்குரிய திருத்தங்கள் சேர்வதால் சில நிமிடம் முன்பின் இருக்கும்.

அடுத்த ஆண்டுக்குப் பெருக்கலே வேண்டாம். 489 + 149 = 638. 576ஐக் கழித்தால் 62, ஒரு நாள் கூடுகிறது. ஆகவே 366 நாள், கிழமை இரண்டு நகர்ந்து செவ்வாய், 2026 ஏப்ரல் 14. 62 கோடு என்பது 6 நாழிகை 27 விநாழிகை, காலை 8.35. பராபவ வருஷம் பிறக்கும் நேரத்தை ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் சொல்லிவிட்டன.

கடைசிப் படி: குட்டகம்

இனி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சூரியன் உதிக்கும் அதே கணத்தில், ஒரு விநாழிகைகூடப் பிசகாமல், வருஷம் பிறக்கப் போவது எந்த ஆண்டு? முள் சரியாகப் பூச்சியத்தில் நிற்க வேண்டும். 2025க்குப் பிறகு k ஆண்டுகள் என்றால், 489 + 149k என்பது 576ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இப்படியான கேள்விக்கு வழி சொன்னவரும் ஆரியபடரே. அந்த முறைக்குக் குட்டகம் என்று பெயர், இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்களை இடித்து இடித்து 1 வரும்வரை சிறிதாக்க வேண்டும்:

576 = 3 × 149 + 129
149 = 1 × 129 + 20
129 = 6 × 20 + 9
20 = 2 × 9 + 2
9 = 4 × 2 + 1

ஈவுகளைப் பாருங்கள்: 3, 1, 6, 2, 4. பொ.கா.பெ. எடுத்தபோது 365க்கு அடுத்து வந்த அதே வரிசை. அங்கே எல்லாம் 7500 மடங்காக இருந்தது, அதுதான் வேறுபாடு.

இனிக் கீழிருந்து மேலே ஏறுவோம். 1 = 9 − 4 × 2. இதில் 2க்குப் பதிலாக 20 − 2 × 9 போட்டால் 1 = 9 × 9 − 4 × 20. 9க்குப் பதிலாக 129 − 6 × 20 போட்டால் 1 = 9 × 129 − 58 × 20. 20க்குப் பதிலாக 149 − 129 போட்டால் 1 = 67 × 129 − 58 × 149. கடைசியாக 129க்குப் பதிலாக 576 − 3 × 149:

1 = 67 × 576 − 259 × 149

576இன் மடங்குகள் மணிக்கூட்டில் தெரியாது. ஆகவே 149ஐ −259 தடவை, அதாவது 576 − 259 = 317 தடவை நகர்த்தினால் முள் 1 கோடு முன்னே போகும். சோதித்துப் பாருங்கள்: 149 × 317 = 47,233, 576 × 82 = 47,232. சரி.

489இலிருந்து பூச்சியத்துக்குப் போக இன்னும் 87 கோடு. 87 × 317 = 27,579. 576ஆல் வகுத்தால் மீதி 507. எனவே k = 507. 2025 + 507 = 2532.

இதை அப்படியே நம்பாமல் மூல விதியில் போட்டுப் பார்ப்போம். கலி 5633.

5633 × 210,389 = 1,185,121,237
1237ஐக் கழித்தால் 1,185,120,000
576ஆல் வகுத்தால் 2,057,500, மீதி 0

பெருக்கலின் கடைசி நாலு இலக்கம் 1237ஆகவே வந்து நின்றதைக் கவனித்தீர்களா? கழித்ததும் பூச்சியமாகச் சுத்தமாகிறது. கலி தொடங்கிச் சரியாக இருபது இலட்சத்து ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு நாள். 7ஆல் வகுத்தால் மீதி 4, செவ்வாய்க்கிழமை. ஆங்கிலத் திகதி? நம் ஆண்டு ஆங்கில ஆண்டின் சராசரியான 365.2425 நாளைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால் வருஷப் பிறப்பு மெல்ல மெல்லப் பின்னே தள்ளிப்போகும். 2025 ஏப்ரல் 13இலிருந்து 2532 ஏப்ரல் 13 வரை 185,178 நாட்கள். இந்தக் கணக்கில் கழிவதோ 185,187. ஒன்பது நாள் கூட. ஆகவே 2532 ஏப்ரல் 22, செவ்வாய், உதயத்தில்.